ஏர் ஆழமும் சுரங்க ஆழமும்

நெற்பயிருக்கு இடுகிற சிவப்புப் பொட்டாஷ் எங்கே விளைகிறது என்று தஞ்சை உழவரைக் கேட்டால், கூட்டுறவுச் சங்கத்தில் என்பார். சங்கத்தாரைக் கேட்டால், துறைமுகத்திலிருந்து வருகிறது என்பார்கள். துறைமுகத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. மூட்டையின் விலை ஏறும்போதுதான் கேட்கிறோம். கேட்டுக்கொண்டே போனால், கடல் கடந்து, மலை கடந்து, கனடா நாட்டின் நடுப்பகுதியிலே சஸ்காட்சுவான் என்றொரு மாநிலத்தில் போய் நிற்போம். உலகம் பயன்படுத்தும் பொட்டாஷில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மாநிலத்தின் மண்ணுக்கடியிலிருந்து வருகிறது. அந்த வாணிபத்தின் தலைவாசல் சஸ்காட்டூன் என்னும் நகரம்.

கடல்போலப் பரந்த புல்வெளி. அதை அறுத்துக்கொண்டு ஓடுகிற தெற்குச் சஸ்காட்சுவான் ஆறு. ஆற்றின் இரு கரையிலும் நகரம். பாலங்களின் நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்து மக்கள் 2 இலட்சத்து 66 ஆயிரம். மாநிலம் முழுமைக்குமே 11 இலட்சத்து 32 ஆயிரம்தான். நிலப்பரப்போ நமது தமிழ்நாட்டைப்போல ஐந்து மடங்கு. உரச் சுரங்கங்களை நடத்தும் நியூட்ரியன் நிறுவனத்துக்கும், வடக்கே காட்டுப் பகுதியில் யுரேனியம் வெட்டும் கமிக்கோ நிறுவனத்துக்கும் தலைமையிடம் இந்த நகரமே. கிழக்கே 140 கிலோமீட்டர் தொலைவில், ஜான்சன் என்ற இடத்தில், பி.எச்.பி. என்னும் ஆஸ்திரேலியப் பெருநிறுவனம் ஒரு புதுச் சுரங்கத்துக்கு 2021இல் ஒப்புதல் அளித்தது. அதன் முதற்கட்டத்துக்கு மட்டும் அன்று போட்ட மதிப்பு 570 கோடி அமெரிக்க டாலர். முதற்கட்டம் முடியுமுன்பே, 2023இல், இரண்டாங்கட்டத்துக்கும் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள். நகரைச் சுற்றி 55 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய நெடுஞ்சாலை ஒன்றும் திட்டமாக வரையப்பட்டிருக்கிறது. 

இத்தனை செல்வம் கொழிக்கும் மாநிலத்திலே, 2017 மே திங்கள் 31ஆம் நாள், சர்க்காரின் கடைசிப் பேருந்து ஓடி நின்றது. ஊருக்கும் நகரத்துக்கும் இடையே 1946 முதல் ஓடிக்கொண்டிருந்த பேருந்துக் கழகத்தை மூடியே விட்டார்கள். சுரங்கத்துக்குப் பணம் வருகிறது, சாலைக்குப் பணம் வருகிறது, பேருந்துக்கு மட்டும் பணம் இல்லையா? இந்தக் கேள்வி அயல்நாட்டாரின் வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சுரங்கத்து உப்புக்கு விலை கொடுப்பவர்களில் நாமும் ஒருவர். ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையும் கொஞ்சம் உண்டு.

சஸ்காட்சுவான் வரைபடத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகை நினைவுக்கு வரும். ஒரு மைல் நீளம், ஒரு மைல் அகலம் என்று கட்டம் கட்டமாக நிலத்தை அளந்து போட்டிருக்கிறார்கள். ஆறு வளைந்தால் வளையட்டும், குன்று குறுக்கிட்டால் குறுக்கிடட்டும், கோடு மட்டும் நேர்கோடு! 1872ஆம் ஆண்டு ஒட்டாவா சர்க்கார் நிறைவேற்றிய நிலச் சட்டம், பத்து டாலர் கட்டணம் கட்டி, குடியேறி உழுது காட்டுகிறவனுக்கு 160 ஏக்கர் என்று அறிவித்தது. கட்டங்களுக்கு நடுவே சாலை போடுவதற்கென்று சில இடங்களில் 66 அடியும், சில இடங்களில் 99 அடியும் ஒதுக்கி விட்டார்கள். சாலை பிறகுதான் வந்தது. பல இடங்களில் வரவே இல்லை. ஆனாலும் அந்த ஒதுக்கீட்டின் பயனாக, கனடாவிலேயே சாலை நீளம் மிகுந்த மாநிலம் சஸ்காட்சுவான் ஆயிற்று. சரளைப் பாதைகளையும் சேர்த்து சுமார் இரண்டரை இலட்சம் கிலோமீட்டர். இவ்வளவு சிறு மக்கள்தொகை இவ்வளவு பெரிய சாலையைத் தூக்கிச் சுமப்பது எளிதல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் கட்டம் போடுவதற்கு முன்பு அந்த நிலம் ஆளற்றுக் கிடக்கவில்லை. கிரீ முதலிய ஆதிகுடிகள் வாழ்ந்த மண் அது. 1876ஆம் ஆண்டு கார்ல்டன் கோட்டையில் பிரிட்டிஷ் மகுடத்தின் சார்பில் வந்தவர்களும் கிரீ தலைவர்களும் கையொப்பமிட்ட உடன்படிக்கையை ஆறாவது உடன்படிக்கை என்பார்கள். சஸ்காட்டூன் நகரம் அந்த உடன்படிக்கை நிலத்தில்தான் இருக்கிறது. நிலத்தை விட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று சர்க்காரின் ஆங்கில ஏடு சொல்கிறது. ஆதிகுடி முதியோர் வழிவழியாகச் சொல்லி வருவது வேறு: நாங்கள் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தது ஏர் இறங்கும் ஆழம் மட்டும், அதற்குக் கீழே உள்ளதைப் பற்றி எவரும் எங்களிடம் பேசவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை என்கிறார்கள். ஏர் இறங்குவது ஒரு சாண். பொட்டாஷ் கிடப்பது சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழம். இந்த இரண்டு ஆழத்துக்கும் இடைப்பட்ட வழக்குத்தான் இன்றளவும் தீராத வழக்கு.

இன்னொரு கூட்டத்தார் கதை இதைவிடப் பரிதாபமானது. பிரெஞ்சு வணிகர்களுக்கும் ஆதிகுடிப் பெண்களுக்கும் வழிவந்த மேட்டி மக்கள், சஸ்காட்டூனுக்கு வடகிழக்கே பதோஷ் என்ற ஊரில் 1885ஆம் ஆண்டு தங்கள் நில உரிமைக்காகப் போராடித் தோற்றார்கள். அவர்களது தலைவர் லூயி ரியேல் அதே ஆண்டு நவம்பரில் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். நிலத்துக்கென்று கொடுத்த சீட்டுகளைத் தரகர்கள் அற்பவிலைக்கு வாங்கிக்கொண்டார்கள். நிலமும் போய், போவதற்கு இடமும் இல்லாமல், அந்த மக்கள் எங்கே குடிசை போட்டார்கள் தெரியுமா? கட்டங்களுக்கு நடுவே சாலைக்கென்று ஒதுக்கிய அந்தக் கீற்று நிலத்தில்! சாலையோரத்து மக்கள் என்றே அவர்களுக்குப் பெயர் ஏற்பட்டது. வரி கட்டும் நிலம் இல்லாததால் பல இடங்களில் அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. சாலை போட நாள் வந்ததும் அங்கிருந்தும் கிளம்பச் சொன்னார்கள். நம்மூரில் புறம்போக்குக் குடிசைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனிப் புதையலுக்கு வருவோம்.

சஸ்காட்சுவான் 1905இல் மாநிலம் ஆயிற்று. ஆயிற்றே தவிர, அதன் நிலமும் நிலத்தடிச் செல்வமும் ஒட்டாவாவின் கையிலேயே இருந்தன. பழைய மாநிலங்களுக்கு உள்ள உரிமை புல்வெளி மாநிலங்களுக்கு இல்லை. 25 ஆண்டுக்காலம் மன்றாடிய பிறகு, 1930இல்தான் அந்தச் செல்வம் மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. டில்லியின் வாசலில் நின்று பழகிய நமக்கு அந்த 25 ஆண்டுகளின் அருமை புரியும். மாநிலத்து மண்ணுக்கு மாநிலமே உரிமை என்ற கொள்கையிலே நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 1930இல் ஒட்டாவா கொடுத்தபோதும் ரெஜைனா பெற்றபோதும், உடன்படிக்கையில் கையொப்பமிட்ட ஆதிகுடிகளை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே இருப்பவர் தனக்குச் செய்த கொடுமையைத் தனக்குக் கீழே இருப்பவருக்குச் செய்வது என்ற பழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது போலும்!

எண்ணெய் தேடித் துளைபோட்டவர்களுக்கு 1940களில் உப்பு அகப்பட்டது. சஸ்காட்டூனுக்கு அருகே பேஷன்ஸ் ஏரியில் முதற்சுரங்கம் இறங்கியது. பேஷன்ஸ் என்றால் பொறுமை. பெயருக்கு ஏற்றபடி பொறுமையைச் சோதித்தது. நிலத்தடி நீர் பாய்ந்து வேலை நின்றது. எஸ்டர்ஹாசி என்ற இடத்தில் வேறொரு நிறுவனம் மண்ணையே பனிக்கட்டியாக உறைய வைத்துத் துளையை இறக்கி, 1962இல் வெற்றி கண்டது. அதன்பின் சுரங்கங்கள் காளான்போல் முளைத்தன. அளவுக்கு மிஞ்சி வெட்டியதால் விலை சரிந்தது. அமெரிக்காவின் நியூமெக்சிகோ சுரங்க முதலாளிகள் அலறினார்கள். 1969இல் ராஸ் தாட்சரின் மாநில சர்க்கார், இன்ன சுரங்கம் இவ்வளவுதான் வெட்டலாம், இந்த விலைக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று பங்கீட்டு முறை கொண்டுவந்தது. 1971இல் பதவிக்கு வந்த ஆலன் பிளேக்னியின் புதிய ஜனநாயகக் கட்சி சர்க்கார் அதைத் தொடர்ந்து, வரியையும் உயர்த்தியது. சுரங்க முதலாளிகள் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கிலே மத்திய சர்க்காரும் முதலாளிகளின் பக்கம் நின்றது. 1978இல் கனடா உச்சநீதிமன்றம் பங்கீட்டு முறை மாநிலத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று தள்ளிவிட்டது.

தீர்ப்புக்குக் காத்திராமல் பிளேக்னி செய்த காரியம் வரலாற்றில் நிற்கிறது. வரி போட்டால் வழக்கு, பங்கீடு வைத்தால் வழக்கு என்றால், சுரங்கத்தையே நாம் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தார். 1975இல் மாநிலப் பொட்டாஷ் கழகம் நிறுவப்பட்டது. கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சட்டத்திலே வைத்துக்கொண்டு, ஆனால் பேசி, விலை கொடுத்து, ஒவ்வொன்றாக வாங்கினார்கள். சில ஆண்டுகளிலே மாநிலத்தின் பொட்டாஷ் உற்பத்தித் திறனில் சுமார் 40 விழுக்காடு மக்களுடைய உடைமை ஆயிற்று. அந்தப் போராட்டத்தின் பயனாகத்தான் 1982ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 92-அ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. நிலத்தடிச் செல்வத்தின் மீது மாநிலத்துக்குள்ள அதிகாரம் அதிலே உறுதியாக எழுதப்பட்டது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை என்ன செய்தார்கள்? 1989இல் கிராண்ட் டிவைனின் சர்க்கார் அந்தக் கழகத்தைப் பங்குச் சந்தையில் விற்றது. பொதுத்துறை திறமையற்றது, தனியார் கையிலே பொன் விளையும் என்று அன்று பேசினார்கள். பொன் விளைந்தது உண்மைதான். யார் களத்தில் என்பதே கேள்வி. 2010இல் அதே நிறுவனத்தை வாங்க பி.எச்.பி. 3,800 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொடுக்க முன்வந்தது. அப்போது மாநில முதல்வராக இருந்தவர், தனியார் கொள்கையிலே ஊறிய சஸ்காட்சுவான் கட்சியின் பிராட் வால். அவர் எழுந்து, இது மாநிலத்தின் உயிர்நாடிச் செல்வம், அயலாருக்குக் கொடுக்கமாட்டோம் என்று முழங்கினார். ஒட்டாவாவும் அந்த ஆண்டு நவம்பரில் விற்பனையைத் தடுத்தது. முழக்கம் சரியானதே, நாம் பாராட்டுகிறோம். ஆனால் 1989இல் விற்றபோது அது உயிர்நாடியாக இல்லாமல் ஊறுகாயாகவா இருந்தது? 2018இல் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து நியூட்ரியன் ஆயிற்று. பங்குகள் உலகச் சந்தையில் கைமாறுகின்றன. மாநிலத்துக்கு வரியும் உரிமைத் தொகையும் மட்டும் மிச்சம்.

அந்த வரவு ஒருபோலவா வருகிறது? இல்லை. ஓராண்டு வெள்ளம், ஓராண்டு வறட்சி. வெள்ளம் வந்த ஆண்டில் என்ன செய்கிறார்கள், வறண்ட ஆண்டில் யாருடைய வாயைக் கட்டுகிறார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அதற்கு நகரத்துக்குள்ளேயும் நகரத்துக்கு வெளியேயும் நடந்து பார்க்கவேண்டும்.

சஸ்காட்டூனில் ஆற்றுக்கு மேற்கே, பழைய இரயில் நிலையத்துக்கும் அப்பால், குறுக்குத் தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எழுத்துத்தான். பி அவென்யூ, சி அவென்யூ, டி அவென்யூ என்று வரிசையாகப் போகும். ஏ அவென்யூதான் இன்று ஐடில்வைல்டு டிரைவ் என்ற பெருஞ்சாலை. 1906இல் மூன்று ஊர்கள் சேர்ந்துதான் இந்த நகரம் உண்டாயிற்று. ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நுட்டானாக்காரர்கள் எங்களுக்குப் பாலம் கட்டித் தந்தால் சேருகிறோம் என்று பேரம் பேசி, 1907இல் பாலம் பெற்றார்கள். மேற்கே இருந்த ரிவர்ஸ்டேல் தண்டவாளத்துக்கு அந்தப்புறம் உழைப்பாளிகளின் குடியிருப்பாக நின்றது. 1960களில் இரயில் நிலையத்தை நகர நடுவிலிருந்து அகற்றினார்கள். தடுப்பு போயிற்று என்று மகிழ்வதற்குள், அந்த இடத்திலே 1970இல் பெரிய அங்காடி ஒன்றும், பக்கத்திலே விரைவுச் சாலையும் எழுந்தன. இரும்புத் தடுப்பு போய்த் தார்த் தடுப்பு வந்தது, அவ்வளவே.

மேற்கிலுள்ள பிளசண்ட் ஹில் வட்டாரத்திலே ஆதிகுடி மக்களும் மேட்டி மக்களும் மிகுதி, ஏழ்மையும் மிகுதி. அங்கே நல்ல காய்கறி வாங்க ஒரு கடை இல்லை. 20ஆவது தெருவில் மளிகைக் கூட்டுறவும் நலவாழ்வு நிலையமும் சேர்ந்த ஒரு பொதுக் கட்டடம் எழுப்ப மக்கள் திட்டமிட்டார்கள். அதற்கு முந்தைய சர்க்கார் ஒதுக்கியிருந்த 80 இலட்சம் டாலரை, புதிதாக வந்த வால் சர்க்கார் 2008இல் இரத்து செய்தது. 2008 எப்படிப்பட்ட ஆண்டு? பொட்டாஷ் விலை விண்ணை முட்டிய ஆண்டு! கருவூலம் நிரம்பி வழிந்த ஆண்டிலே 80 இலட்சம் கனத்தது. மக்கள் விடவில்லை. நன்கொடை திரட்டி, 2012இல் கட்டடத்தைத் திறந்தார்கள். ஆனால் மளிகைக் கூட்டுறவு தாக்குப்பிடிக்க முடியாமல் 2016 ஜனவரியில் மூடியது.

நகரத்தின் சாலைகளைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் விடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், நகரின் ஓரத்திலுள்ள மின்நிலையத்துக்கு அருகே ஆதிகுடி ஆடவர் இருவர் உறைந்து இறந்து கிடந்தனர். அதே நாட்களில் உயிர் தப்பிய மூன்றாமவர், போலீசார் என்னை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் உறைபனியில் இறக்கிவிட்டார்கள் என்றார். அந்த வழக்கில் 2001இல் போலீசார் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். இறந்த இருவர் விஷயத்தில் எவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. நகரத்திலிருந்து வெளியே போகும் சாலை சிலருக்குச் சுரங்க வேலைக்குப் போகும் வழி. வேறு சிலருக்கு அதைப் பார்த்தாலே நெஞ்சு நடுங்கும்.

வெளியே போனால் கிராமம். 1897ஆம் ஆண்டு இரயில் கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்தின் வழியாகத் தானியத்துக்கு மலிவான இரயில் கட்டணம் இருந்து வந்தது. உழவர்களுக்கு அது அரண். 1995இல் ஒட்டாவா அதை ஒழித்தது. ஒருமுறை ஈட்டுத்தொகை கொடுத்துக் கணக்கை முடித்தது. கிளை இரயில் பாதைகளைக் கம்பெனிகள் பிடுங்கின. ஊருக்கு ஊர் நின்ற மரத் தானியக் கிடங்குகள் இடிந்தன. அத்தனை தானியமும் லாரியில் ஏறிச் சாலைக்கு வந்தது. லேசான வண்டிகளுக்கென்று மெல்லிய தார்ப்பூச்சு பூசிய பாதைகள் அந்தச் சுமையைத் தாங்குமா? உடைந்து நொறுங்கின. சில பாதைகளில் தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் சரளை கொட்டினார்கள். இரயில் கம்பெனியின் செலவு, சாலைச் செலவாக மாறி மாநிலத்தின் தலையிலும் ஊராட்சியின் தலையிலும் விழுந்தது.

இதிலே இடதுசாரிகள் என்று பெயர் பெற்றவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. டிவைன் விட்டுச்சென்ற கடனைக் காட்டி, 1993இல் ராய் ரோமனோவின் புதிய ஜனநாயகக் கட்சி சர்க்கார் 52 சிறு மருத்துவமனைகளின் கதவை அடைத்தது. அதன் பொருள் என்ன? நோய் வந்தால் கிராமத்தார் சஸ்காட்டூனுக்கோ ரெஜைனாவுக்கோ போயாக வேண்டும். எப்படிப் போவது? கார் உள்ளவர் காரில். இல்லாதவருக்கு சர்க்கார் பேருந்து.

அந்தப் பேருந்துக் கழகத்தை நிறுவியது டாமி டக்ளஸ் காலத்துச் சர்க்கார். 2017இல் அது 253 ஊர்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் மட்டுமா ஏற்றியது? மருந்து, உழவு இயந்திரத்துக்கு மாற்று உறுப்பு எல்லாம் அந்தப் பேருந்தின் வயிற்றிலேதான் போயின. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருபவர்கள், கண் மங்கிய முதியவர்கள், கல்லூரி மாணவர்கள், தனியே பயணம் செய்யும் பெண்கள் ஆகியோருக்கு வேறு வழி கிடையாது. 2016-17இல் எண்ணெய் விலையும் பொட்டாஷ் விலையும் வீழ்ந்தன. வரவு செலவுத் திட்டத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. விற்பனை வரியை 5லிருந்து 6 விழுக்காடாக்கினார்கள். பேருந்துக் கழகத்தை மூடினார்கள். மறு ஆண்டு அக்டோபரில் தனியார் கிரேஹவுண்டும் மேற்குக் கனடாவை விட்டு ஓடிவிட்டது.

ஆளவந்தார்களின் வாதத்தையும் கேட்போம். 27 வழித்தடங்களில் இலாபம் தருபவை இரண்டே இரண்டு என்றார்கள். பயணிகள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள் என்றார்கள். தொடர்ந்து நடத்தினால் ஐந்து ஆண்டுக்கு எட்டரைக் கோடி டாலர் வேண்டும் என்றார்கள். கணக்கு பொய்யல்ல. ஆனால் சரளைப் பாதையில் எது இலாபம் தருகிறது? இரண்டரை இலட்சம் கிலோமீட்டர் சாலையில் இலாபம் தரும் கிலோமீட்டர் எத்தனை என்று எவரும் கேட்கவில்லையே! லாரி ஓடும் சாலைக்குச் செலவிட்டால் அது முதலீடு; ஏழை ஏறும் பேருந்துக்குச் செலவிட்டால் அது நட்டம். இந்த அகராதியை யார் எழுதியது?

சரி, பணமே இல்லாத காலம் அது என்று ஒப்புக்கொள்வோம். பணம் வந்த காலத்தில் என்ன செய்தார்கள்? 2022இல் உருசியா உக்ரைன்மீது படையெடுத்தது. உருசியாவும் பெலாரசும் பொட்டாஷில் பெரும் நாடுகள். அவற்றின் ஏற்றுமதி தடைப்பட்டது. விலை தாவிக் குதித்தது. நமது நாட்டில் அந்த ஆண்டு 50 கிலோ மூட்டை சுமார் 1,700 ரூபாய்க்கு விற்றதை உழவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். செப்டம்பரில் இந்திய உர நிறுவனங்கள் மூன்று, சஸ்காட்சுவான் பொட்டாஷை வெளிநாட்டுக்கு விற்கும் கான்பொடெக்ஸ் நிறுவனத்தோடு, ஆண்டுக்கு 15 இலட்சம் டன் வரை மூன்றாண்டுக்கு வாங்க உடன்பாடு செய்துகொண்டன. நம்முடைய கண்ணீர் அங்கே பன்னீர் ஆயிற்று. ரெஜைனாவின் கருவூலம் பொங்கியது. அந்தப் பணத்தில் சர்க்கார் என்ன செய்தது? 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 500 டாலர் காசோலை அனுப்பியது. பணக்காரருக்கும் 500, பரம ஏழைக்கும் 500. மொத்தச் செலவு 45 கோடி டாலர். அவர்களே சொன்ன கணக்குப்படி பேருந்துக்கு ஆண்டுக்கு வேண்டியது ஒரு கோடியே எழுபது இலட்சம். அந்த ஒரு நாள் காசோலையில் 26 ஆண்டுகள் பேருந்து ஓடியிருக்கும்! காசோலை வந்த வாரத்திலே செலவாகிப் போனது. பேருந்து இன்னும் வரவில்லை.

இப்போது அதே சர்க்கார் மாநில உரிமைக் கொடியைத் தூக்கியிருக்கிறது. ஸ்காட் மோ முதல்வராயிருக்க, 2023 மார்ச்சில் “சஸ்காட்சுவானுக்கே முதலிடம்” என்னும் சட்டம் நிறைவேறியது. நிலத்தடிச் செல்வம் மாநிலத்துக்கே உரியது, ஒட்டாவா தலையிடக்கூடாது என்பது அதன் சாரம். தலைப்பைக் கேட்டால் நமக்கும் கைதட்டத் தோன்றும். ஆனால் ஆனியன் லேக் என்னும் கிரீ குலத்தார் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். ஒட்டாவாவிடமிருந்து உங்கள் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஆறாவது உடன்படிக்கையில் எங்கள் உரிமை என்னவாயிற்று, எங்களை ஏன் கேட்கவில்லை என்பது அவர்கள் வாதம். 1930இல் எழவேண்டிய கேள்வி. அன்று அவர்களுக்கு வாக்குரிமைகூடக் கிடையாது. சுரங்க வரவில் ஆதிகுடிகளுக்கு ஒரு பங்கு தருவோம் என்று 2011 தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி சொன்னது. வால் அதையே எதிர்த்துப் பேசி, 58 தொகுதிகளில் 49ஐ வென்றார். அதன்பின் அந்தப் பேச்சைப் பெரிதாக எடுக்க எந்தக் கட்சிக்கும் துணிவு வரவில்லை.

பங்கு கொடுத்தால் மாநிலம் பாழாகிவிடும் என்கிறார்களே, அவர்கள் சஸ்காட்டூன் நகரத்தின் கிழக்குப் பகுதியைப் போய்ப் பார்க்கட்டும். உடன்படிக்கைப்படி தரவேண்டிய நிலம் பாக்கி என்ற கணக்கில், மஸ்கெக் லேக் கிரீ குலத்தாருக்கு 1988இல் நகர எல்லைக்குள்ளேயே ஒரு நிலம் ஒப்படைக்கப்பட்டது. நகரத்துக்குள் அயல் நாடு முளைக்கிறது என்று அன்று பயமுறுத்தியவர்கள் உண்டு. நடந்தது என்ன? குலத்தாரும் நகராட்சியும் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். குடிநீர், குப்பை, தீயணைப்பு, சாலை எல்லாம் நகராட்சி தரும். வரிக்கு ஈடான தொகையைக் குலத்தார் கட்டுவார்கள். அங்கே அலுவலகங்களும் கடைகளும் எழுந்தன. ஆதிகுடி அல்லாதவர்களும் அங்கே வாடகைக்கு இடம் பிடித்து வாணிபம் நடத்துகிறார்கள். 1992இல் நிலப் பாக்கிக்கான பெரிய உடன்பாடு கையெழுத்தான பிறகு, வேறு குலத்தாரும் இந்த வழியில் நகரங்களில் நிலம் வாங்கத் தொடங்கினார்கள். 2018இல் திறந்த புதுப் பாலத்துக்கு, 1876இல் கையொப்பமிட்ட மிஸ்டவாசிஸ் தலைவரின் பெயரை நகராட்சி வைத்தது.

நகராட்சியால் நிலத்துக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் எழுத முடிந்திருக்கிறது. ஜான்சன் சுரங்கத்து உரிமைத் தொகை கருவூலத்துக்கு வரத் தொடங்குமுன், அந்தத் தொகையில் உடன்படிக்கை மக்களுக்கு எத்தனை விழுக்காடு, ஊர்ப் பேருந்துக்கு எத்தனை விழுக்காடு என்று இதேபோல ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட என்ன தடை என்று ரெஜைனாவில் அமர்ந்திருப்பவர்களை நாம் கேட்கிறோம்.